ஒரு சாண் கூண்டு

ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு வீடு மாறினாள். சாமான்கள் லாரியில் போயின. அவளுடைய இரண்டு பட்ஜிகளும் (நம்மூர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்கிறார்களே, அதேதான்) என்னோடு காரில் வந்தன. வீட்டில் இருந்த பெரிய கம்பிக் கூண்டையே அப்படியே தூக்கிப் பின் சீட்டில் வைத்தேன். ஊஞ்சல், கண்ணாடி, மணி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் உள்ளே. பழகின கூண்டு, இடமும் தாராளம், இதுக்கு மேல என்ன வேணும் என்றுதான் நினைத்தேன்.

பல்லடம் வருவதற்குள் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. தாராபுரம் தாண்டி ஒரு லாரி ஏர் ஹாரன் அடித்தபோது இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பிக் கம்பியில் மோதின. அப்புறம் ஒவ்வொரு ஹாரனுக்கும் அதே கதை. ஒட்டன்சத்திரத்தில் டீக்கு நிறுத்தியபோது நீலக் குருவி கூண்டின் தரையில் கிடந்தது.

பறவைகளை இதற்கு முன் எப்படிக் கொண்டுபோனார்கள் என்று தேட ஆரம்பித்தது அந்தக் குற்ற உணர்ச்சியில்தான். தேடல் போய் நின்ற இடம் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் இருக்கும் சாங்க்ட் ஆந்த்ரியாஸ்பெர்க் என்ற சின்ன ஊர்.

அது வெள்ளிச் சுரங்க ஊர். கேனரி என்றதும் நமக்கு நிலக்கரிச் சுரங்கமும் விஷவாயுவும் நினைவுக்கு வரும். அது பிரிட்டனின் கதை, 1986 வரை அங்கே நடந்தது. ஹார்ட்ஸ் மலைக்காரர்கள் கேனரி வளர்த்தது பாட்டுக்காக. டைரோல் பகுதியிலிருந்து வேலைக்கு வந்த சுரங்கத் தொழிலாளிகள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். டைரோலில் இம்ஸ்ட் என்ற ஊர்க்காரர்கள் அதற்கும் முன்பே பறவைக் கூண்டுகளை முதுகில் சுமந்து ஐரோப்பா முழுக்க நடந்து விற்றவர்கள். 1791-இல் வியன்னாவில் அரங்கேறிய மொஸார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ ஓபராவில் பப்பகேனோ முதுகில் கூண்டோடு வருகிறானே, அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு அது தெரிந்த உருவம்தான்.

சுரங்க வருமானம் குறையக் குறைய, ஹார்ட்ஸ் வீடுகளில் கேனரி ஒரு குடும்பத் தொழிலாகவே ஆனது. பறவையோடு கூண்டும் வீட்டிலேயே தயாரானது. மலையில் கிடைக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தைச் சீவி, மெல்லிய குச்சிகளைச் செருகிச் செய்த கூண்டு. அளவு ஏறக்குறைய ஒரு சாண். ஒன்றில் ஒரு பறவை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கூண்டுகளை ஒரு மரச்சட்டத்தில் அடுக்கி, மேலே துணி போர்த்தி, ஓர் ஆள் முதுகில் சுமந்து மலையிறங்குவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரைஷே சகோதரர்கள் போன்ற வியாபாரிகள் இந்தக் கேனரிகளை நியூயார்க் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள், கூடவே தினமும் தீனியும் தண்ணீரும் வைக்க ஆள்.

அந்தக் கூண்டின் படத்தை முதலில் பார்த்தபோது கோபம்தான் வந்தது. இறக்கையைக்கூட விரிக்க முடியாதே! பிறகுதான் உறைத்தது: விரிக்க முடியாததுதான் அதன் பயன். கேனரி இருபது கிராம் எடைகூட இருக்காது. பயந்து எழும்பும் பறவை வேகம் எடுக்கத் தூரம் வேண்டும், அந்தத் தூரத்தை என் பெரிய கூண்டு தாராளமாகக் கொடுத்தது. ஹார்ட்ஸ் கூண்டில் மோதுவதற்கு இடமே இல்லை. ஊஞ்சல், மணி போல ஆடுகிற, இடிக்கிற பொருளும் கிடையாது. போர்த்திய துணி காற்றையும் மறைத்தது, பயமுறுத்தும் காட்சியையும் மறைத்தது. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியைத் தாங்காது என்பதால் தீனி எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தது. இன்றைக்கு விமானத்தில் பறவை அனுப்ப இருக்கும் சர்வதேச விதிகளைப் பார்த்தால், மங்கிய வெளிச்சம், உறுதியான குச்சி, எச்சம் விழாத இடத்தில் தண்ணீர் என்று பெரும்பாலும் இதே விஷயங்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கேனரிக்குப் பயணத்தன்று கூண்டு புதிதாக இருக்காது. முதல் இறகு உதிர்த்து முடித்த ஆண் குஞ்சுகளை இலையுதிர் காலத்திலேயே பிரித்து இதே மாதிரிக் கூண்டுகளில் விடுவார்கள். கூண்டுகளை அலமாரிக்குள் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நன்றாகப் பாடும் மூத்த பறவை ஒன்றின் அருகில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். கேட்டுக் கேட்டுப் பாட்டு படியும். அலகை மூடியபடி உருட்டி உருட்டிப் பாடுகிற ‘ஹார்ட்ஸ் ரோலர்’ உருவானது அப்படித்தான்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. பயணத்துக்கு நல்லதான அதே ஒரு சாண் இடத்தில், பயணமே இல்லாத மாதங்களிலும் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது. கப்பலுக்காகச் செய்த கருணை என்று அதை நான் சொல்ல மாட்டேன். மரம் சும்மா கிடைத்தது, சின்னதாக இருந்தால் முதுகில் நிறைய ஏற்றலாம், இருட்டில் பாட்டு சீக்கிரம் வரும். எல்லாம் பிழைப்புக் கணக்கு. பறவைக்கு நடந்த நல்லது அந்தக் கணக்கின் உபரி. பாடாத பெட்டைகளுக்கு அந்தக் கணக்கில் விலையே அற்பம்.

சாங்க்ட் ஆந்த்ரியாஸ்பெர்க்கின் சாம்சன் சுரங்கம் 1910-இல் மூடப்பட்டது. இப்போது அந்த வளாகத்திலேயே கேனரிக்கு ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

நான் தெருமுனை ஆசாரியிடம் ஒரு சின்ன மரப்பெட்டி செய்யச் சொன்னேன். மூன்று பக்கம் பலகை, முன்னால் மட்டும் வலை, தாழ்வாக ஒரே ஒரு குச்சி. பட்ஜிக்கு வால் நீளம் என்பதால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவே. மதுரையில் அக்கா பத்து நாள் அதைப் பெரிய கூண்டின் வாசலோடு ஒட்டி வைத்து, தினைக்கதிரை அதற்குள்ளே மட்டும் போட்டாள். பச்சைக் குருவி தானாகவே போய்வரப் பழகிவிட்டது. போன பொங்கலுக்குக் கோயம்புத்தூர் வரும்போது தண்ணீருக்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரிக்காய் வைத்து, பெட்டியை சீட் பெல்ட்டில் கட்டி, மேலே பழைய வேட்டியைப் போட்டோம்.

ஒட்டன்சத்திரத்தில் நிறுத்தி வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தினை கொறித்துக்கொண்டிருந்தது.