நினைத்ததைச் சொல்லும் வித்தை

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அதிக தூரம் இல்லை. பதினோரு கிலோமீட்டர் இருக்கும். ஆண்டாள் அவதரித்த ஆடிப் பூர நன்னாளில் அங்கே தேர் ஓடும். 1960-களின் தொடக்கத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, என் பாட்டி என்னை அந்தத் தேரோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். தேரைக் கண்ட காட்சியைவிட, அன்று வீதியோரத்தில் கண்ட ஒரு வித்தையே இன்றும் என் நினைவில் அழுத்தமாக நிற்கிறது. அந்த வித்தையையும் அதன் வரலாற்றையும் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

மோடி மஸ்தான் என்று மக்கள் அழைக்கும் வித்தைக்காரர் ஒருவர், ஏறக்குறைய என் வயதுள்ள சிறுவன் ஒருவனைத் தரையில் படுக்க வைத்துத் தலை முதல் கால்வரை கறுப்புத் துணியால் மூடினார். பிறகு கூட்டத்தைச் சுற்றி வந்து, ஒருவர் கையைத் தொட்டு, "ஐயா கையிலே என்ன?" என்று கேட்டார். "கடியாரம்" என்று துணிக்குள்ளிருந்து விடை வந்தது. மூக்குப்பொடி டப்பி, சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்கச் சிறுவன் தவறாமல் சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் என் பாட்டியின் முந்தானை முடிச்சைக் காட்டி, "அம்மா முடிஞ்சு வச்சிருக்கிறது என்ன? நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றார். "கடுதாசி" என்றான் சிறுவன்.

பாட்டியின் கண்கள் கலங்கிவிட்டன. வேலை தேடிப் பம்பாய்க்குப் போன என் சிற்றப்பா கடைசியாக எழுதிய கடிதம் அது. அது வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "என் மகன் எப்போ வருவான், கேளப்பா" என்றார் பாட்டி. வித்தைக்காரர் கேட்டார். "தை பிறந்ததும் வருவாரு" என்றது துணிக்குள்ளிருந்து வந்த குரல். பாட்டி இரண்டு ரூபாய் கொடுத்து ஒரு தாயத்தும் வாங்கிக்கொண்டார்.

பிறர் மனத்தில் உள்ளதை அறிந்து சொல்வதாகக் கூறும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. மகள் மெலிந்து வாடுவதைக் கண்ட தாய், காரணம் அறிய வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து, "முருகன் அணங்கினான்" என்கிறான். மகள் ஒரு மலைநாட்டுத் தலைவன்மேல் காதல் கொண்டிருக்கிறாள் என்பது தோழிக்கு மட்டும் தெரியும். வேலனுக்குத் தெரியாதது தோழிக்குத் தெரிகிறது என்பதில்தான் அப்பாடல்களின் சுவை இருக்கிறது. இத்துறையைச் சிறப்பாகப் பாடிய பெண்பாற் புலவர் ஒருவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் கோதையும் குறி பார்த்தவள்தான். நாச்சியார் திருமொழியின் நான்காம் பதிகம் கூடல் இழைத்தலைப் பற்றியது. கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைய வேண்டும். தொடங்கிய முனையும் முடித்த முனையும் கூடினால் நினைத்தவன் வந்து கூடுவான் என்பது நம்பிக்கை. ராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் சென்றால் வரும் குற்றாலத்தில், திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு குறத்தியையே நாடகத் தலைமைக்கு உயர்த்தினார். அவள் வசந்தவல்லியின் கையைப் பார்த்தே குறி சொல்கிறாள். ஆயினும் அவள் முகத்தையும் பார்த்திருப்பாள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பழைய நம்பிக்கையை மேடைக் கலையாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்சு நாட்டு ராபர்ட் ஹூடின். பின்னாளில் ஹூடினி என்று புகழ்பெற்ற அமெரிக்க வித்தைக்காரர் தம் பெயரை அமைத்துக்கொண்டது இவர் பெயரைத் தழுவித்தான். 1846-இல் பாரிஸ் நகரில், தம் மகன் எமிலின் கண்களைக் கட்டி மேடையில் உட்கார வைத்து, சபையோர் கொடுத்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கேட்டார், மகன் சொன்னான். வித்தையின் உயிர் கேள்வியில் இருந்தது. "சொல்" என்றால் கடிகாரம், "சீக்கிரம் சொல்" என்றால் மோதிரம், "நன்றாகப் பார்த்துச் சொல்" என்றால் கடிதம் என்று இருவரும் முன்பே பேசி வைத்துக்கொண்டதாக எண்ணிப் பாருங்கள். கேட்பவர் காதில் விழுவது கேள்வி. சிறுவன் காதில் விழுவதோ விடை.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. நூற்றுக்கணக்கான குறிப்புகளை மனப்பாடம் செய்து, இமைப்பொழுதில் பொருளுணர்ந்து, தயங்காமல் விடை சொல்ல வேண்டும். தந்தையும் மகனும் கடைவீதியில் நடந்து செல்வார்களாம். ஒரு கடையின் கண்ணாடிக்குள் இருக்கும் பொருள்களை ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, சற்று அப்பால் சென்று, கண்டவற்றையெல்லாம் நினைவிலிருந்து சொல்லிப் பழகுவார்களாம். இப்பயிற்சியை ஹூடினே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1906-இல் லண்டன் அல்ஹாம்பரா அரங்கில் ஜான்சிக் தம்பதியர் இவ்வித்தையைச் செய்தபோது, துப்பறியும் கதைகள் எழுதிய கானன் டாயில்கூட அது மனத்தோடு மனம் பேசும் அற்புதமே என்று நம்பிவிட்டார்.

வாய்ச்சொல் இல்லாமலும் குறிப்புக் கொடுக்கலாம். அதற்குப் பாரிஸும் லண்டனும் செல்ல வேண்டியதில்லை. நம் தெருவுக்கு வரும் பூம்பூம் மாடு போதும். "இந்த வீட்டு அம்மா மகராசியா இருப்பாங்களா?" என்று மாட்டுக்காரர் கேட்டால் மாடு தலையாட்டும். அவர் கையசைவும் கயிற்றின் அசைவும் அதற்குத் தெரியும். இதைப் போன்ற ஒரு மிருகம் ஜெர்மனியில் அறிஞர்களையே திகைக்க வைத்தது. பெர்லின் நகரில் பான் ஓஸ்டன் என்ற ஆசிரியரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கொடுத்தால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904-இல் ஆராய்ந்த குழுவினர் மோசடி எதையும் காணவில்லை. பின்னர் ஆஸ்கர் புங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து, 1907-இல் உண்மையை வெளியிட்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே சற்று அசைகிறது. அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடுகிறது. பான் ஓஸ்டனுக்கே இது தெரியாது. நம் மாட்டுக்காரர் தெரிந்து செய்ததை அவர் தெரியாமல் செய்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

புங்ஸ்ட் செய்த சோதனைகளில் ஒன்றை நான் என்றும் மறப்பதில்லை. கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்கச் செய்தார். குதிரை தோற்றது. தெரிந்தவர் ஒருவர் எதிரே இருந்தால்தான் அதற்கு விடை தெரியும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தேரடி வீதி நினைவுக்கு வந்தது. பாட்டி தம் முடிச்சை அடிக்கடி தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார். கடிதத்தின் ஓரம் வெளியே தெரிந்திருக்கலாம். வித்தைக்காரர் அதைக் கண்டார்; கண்டதைக் கேள்வியில் வைத்து அனுப்பினார்; சிறுவன் பிரித்துச் சொன்னான். அது கலை. ஆனால் சிற்றப்பா எப்போது வருவார் என்பது வித்தைக்காரருக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அனுப்புவதற்குச் செய்தியே இல்லாத இடத்திலும் விடை வந்தது. முதல் விடை உண்மையாக இருந்ததால் இரண்டாவதையும் பாட்டி நம்பினார்.

இந்த நுட்பத்தை நன்கு அறிந்தவர் இலங்கையில் வாழ்ந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர். அற்புத சக்தி உடையவர் என்று நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அவர் அறிவித்தார். உறையிலிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துச் சொல்வது அவர் விதித்த சோதனைகளுள் ஒன்று. 1978-இல் அவர் மறையும்வரை அப்பரிசை வென்றவர் ஒருவரும் இல்லை.

அப்படியானால் மனத்தின் ஆற்றலை மேடையில் காட்டுவதே தவறா? இல்லை. நம் அவதானக் கலையைப் பாருங்கள். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் முதுகில் கல் எறிவார். ஒருவர் மணி அடிப்பார். அனைத்தையும் மனத்தில் வாங்கி, அனைத்திற்கும் விடை சொல்வதே அவதானம். கேள்வி கேட்டவர் எதிரிலேயே இருக்கிறார். எறிந்த கற்களின் எண்ணிக்கை எறிந்தவருக்குத் தெரியும். பிழைத்தால் சபையே சிரிக்கும். அவதானி அறிந்ததைத்தான் சொல்கிறார், பயின்றதைத்தான் காட்டுகிறார். கறுப்புத் துணிக்குள் படுத்திருந்த சிறுவனும் நினைவாற்றலில் அவருக்குத் தூரத்து உறவினனே.

கண்களை மாவால் அப்பிக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் எழுதியதைப் படித்துக் காட்டிய வங்காளத்து பி. சி. சர்க்காரும் தம் காட்சிக்கு இந்திரஜாலம் என்றே பெயர் வைத்தார். சீட்டு வாங்கிச் சென்றவர்கள், தாம் பார்க்கப் போவது ஜாலம் என்று தெரிந்தே சென்றார்கள். ஏமாறுவதற்கு இசைந்து சென்றவரை மகிழ்விப்பது கலை. துயரத்தோடு வந்து கேட்பவருக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிக் காசு வாங்குவது வேறு.

அந்தத் தை பிறந்தது. பாட்டி பால் பொங்கும்போது வாசலைப் பார்த்தார். அடுத்த தையிலும் பார்த்தார். சிற்றப்பா வரவே இல்லை. பாட்டி காலமாகும்வரை அந்தத் தாயத்து அவர் கையில் இருந்தது. ஹான்ஸ் குதிரையின் கதையை நான் படித்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன், சொல்லவில்லை.

அந்தச் சிறுவன்மேல் எனக்கு இன்று கோபம் இல்லை. ஆடி மாதத்து வெயிலில் துணிக்குள் மூச்சடக்கிக் கிடந்து, ஆசானின் ஒவ்வொரு சொல்லையும் அவன் எடைபோட்டுக் கொண்டிருந்தான். "கடுதாசி" என்று சொன்னதோடு அவனை எழுப்பி, அவன் முகத்தைக் கூட்டத்திற்குக் காட்டியிருந்தால், அந்த இரண்டு ரூபாயைப் பாட்டி அவன் கையிலேயே மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பார்.