குன்னூரில் ஓர் அறை

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறும்போதெல்லாம் குன்னூரிலுள்ள ஓர் அறையை நான் நினைத்துக்கொள்வதுண்டு. 1918-ஆம் ஆண்டில், அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில், ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே உண்டு வந்த புறாக்கள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிட்டோடு பி1 என்னும் உயிர்ச்சத்தும் நீங்கிவிடுவதே அந்நோய்க்குக் காரணம். நெல்லைப் புழுக்கும்போதோ அச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே சென்று தங்கிவிடுகிறது. கொங்கு நாட்டுப் பாட்டிமார் இதை அறிந்தா நெல்லை அவித்தார்கள்? வழக்கம் காத்தது, அவ்வளவே.

ஆராய்ச்சிக்குப் பணம் வந்தது, 1911-இல் அரசாங்கம் நிறுவிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் வழியாக. முதல் உலகப் போருக்குப்பின் கஜானா வறண்டது. இஞ்ச்கேப் குழு செலவுகளை வெட்டச் சொன்னது. 1923-இல் குன்னூர் ஆராய்ச்சியும் வெட்டுண்டது. ஓர் அறையின் செலவால் பேரரசு எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கும் என்று எண்ணி நான் வியந்ததுண்டு! 1925-இல் பணி மீண்டும் தொடங்கியது. பின்னர் அதுவே உணவுச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. நம் தானியங்கள், காய்கறிகளின் சத்துக்களை அளந்து 1937-இல் ஐக்ராய்டு வெளியிட்ட அட்டவணை அங்கே உருவானதுதான். 1958-இல் அக்கூடம் ஐதராபாத்துக்குச் சென்றது. அட்டவணையைத் திருத்தி வெளியிடும் பணியும் அங்கே தொடர்ந்தது.