பெயர் வாசிக்கப்படாதவர்கள்

ஏப்ரல் 25-ஆம் தேதி. தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் தங்கள் போர் நினைவு நாளுக்காக மலர்வளையம் வைத்தார்கள். பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளின் கல்லறைகள் அங்கே ஏறத்தாழ 7,000. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது என்று படித்துக்கொண்டே நடந்தேன். இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள்! பெற்றவர்களை நினைத்து மனம் கனத்தது. என் தாத்தாவும் அதே ரயில் பாதையில்தான் செத்தார். அவருக்குக் கல் இல்லை.

தாத்தா மலாயாவின் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. தோட்டத்தில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. சயாமில், அதாவது தாய்லாந்தில், சில மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டினார்கள். போக மறுத்தவர்களை லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள்.

பர்மாவில் போரிட்ட ஜப்பானியப் படைக்குத் தளவாடம் அனுப்பக் கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் போடப்பட்ட பாதை அது. நீளம் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். 60,000-க்கும் அதிகமான போர்க்கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர் என ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர்; அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு.

கைதிகளிடம் அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கட்டளையிட்டார்கள். செத்தவர் பெயரை ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். நம்மவர்களுக்கு அப்படி யாருமில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூடாரம் கூடாரமாகச் செத்தார்கள். தோட்டத்தில் தினமும் விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்த ஜனம், சயாமில் வெறும் தலைக்கணக்காகிப் போனது.

அந்தக் கணக்கின் மிச்சத்தைப் பாட்டி சுமந்தார். செய்தி வராததால் தாலியைக் கழற்றவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி இல்லை. மகாளய அமாவாசையன்று அப்பா எள்ளும் தண்ணீரும் இறைப்பார்.

காஞ்சனபுரியில் 1944-இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத்தூணில் தமிழ் வாசகம் உண்டு. 2023-இல் தமிழர்களுக்கென நடுகல்லும் வந்தது. இரண்டின் முன்னும் கும்பிட்டேன். ஆனால் பெயர்கள் இனிமேல்தான் சேர வேண்டும். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், ஊர், தோட்டம் இன்னும் பல குடும்பங்களின் வாய்மொழியில் இருக்கின்றன. தோட்டம் தோட்டமாகக் கேட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டு நடுகல்லின் முன் அந்தப் பட்டியலை உரக்க வாசிக்க வேண்டும்.