மீன்கண் லென்சும் 21 காகிதங்களும்

தென்காசி காசி விஸ்வநாதர் கோபுரத்தை வாசலருகே நின்று ஒரே படத்தில் பிடிக்க முயன்றிருக்கிறீர்களா? கலசம் வந்தால் வாசற்படி வராது, வாசற்படி வந்தால் கலசம் வராது. பின்னாலேயே நகர்ந்தால் ஆட்டோவில்தான் முட்ட வேண்டும். இந்தத் தொல்லைக்காகத்தான் பலர் ஃபிஷ்ஐ என்கிற மீன்கண் லென்சை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஏறக்குறைய 180 டிகிரி பரப்பை அது ஒரே சொடுக்கில் விழுங்கிவிடும். ஆனால் படத்தின் நடுவழியாகப் போகும் கோடுகளைத் தவிர மற்றதெல்லாம் வில்லாக வளைந்துவிடும்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்று பார்க்க, அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-ல் ஒரு வாளியின் அடியில் புகைப்படத் தகட்டை வைத்துத் தண்ணீர் நிரப்பிப் படம் எடுத்தார். 1924-ல் ராபின் ஹில் இதே யோசனையை நிஜ லென்சாக்கியது மேகங்களைப் பதிவு செய்வதற்காக. கட்டடம் யார் நினைப்பிலும் இல்லை!

இனி நம் பக்கம் வருவோம். மீன்கண் லென்ஸ் பிறக்கும் முன்பே இதே இடநெருக்கடியை தஞ்சைப் பெரிய கோயிலில் ஒருவர் சந்தித்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். 1856-ல் மதராஸ் அரசாங்கம் இவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பர் முதல் சில மாதங்கள் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களோடு சுற்றினார்.

பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. அதில் ஒரு வரிசையை முழுதாகப் பதிய வேண்டும். எட்டி நின்றால் எழுத்து தெரியாது, கிட்டே போனால் சுவர் அடங்காது. டிரைப் செய்தது ரொம்ப எளிமையானது, ஆனால் முதுகை ஒடிக்கிற வேலை. கேமராவைச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்தார். அவற்றை ஒட்டியபோது 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படம் கிடைத்தது. எழுத்து எதுவும் வில்லாக வளையவில்லை, ஏனென்றால் வளைக்கிற லென்ஸ் அங்கே இல்லை. அந்தக் கல்வெட்டுகளை ஹூல்ஷ் படித்து அச்சில் கொண்டுவர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதே டிரைப் 'எடிட்டிங்'கும் செய்தவர். அந்தக் காகிதத்தில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அது பிடிக்காமல் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார், மரங்களுக்கு இலை சேர்த்தார். 1858-ல் மதுரையில் அன்று என்ன வானம் என்று கேட்டால் அவர் படத்தை சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மஹால் எப்படி இருந்தது என்று கேட்டால் தாராளமாகக் கூப்பிடலாம். அழகுக்காகச் செய்தது எது, ஆவணம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வணிகவியல் மாணவனாக ஒரு வார்த்தை. பேரேட்டில் தப்பு நேர்ந்தால் அழித்து எழுதக் கூடாது, பிழைதிருத்தப் பதிவு தனியாகப் போட வேண்டும் என்று முதல் வருடமே சொல்லித் தருகிறார்கள். மீன்கண் படத்தை மென்பொருளில் நிமிர்த்துகிறவர்கள் இதைக் கடைப்பிடிப்பதில்லை. நிமிர்த்தும்போது ஓரங்கள் இழுபடுகின்றன, ஓரத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது, சில சமயம் தூண் பருத்துப் போகிறது. மூலப் படத்தை நீக்கிவிட்டு இதை மட்டும் வைத்திருந்தால், நாளைக்கு ஒருவர் தூணின் அகலத்தை இதிலிருந்துதானே அளப்பார்? வளைந்த படமாவது 'நான் வளைந்திருக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறது.

தென்காசிக் கோபுரமே இதற்கு நல்ல உதாரணம். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோபுரம் இடிந்து நெடுங்காலம் கிடந்தது. இன்று நாம் பார்ப்பது 1990-ல் முடிந்த கட்டுமானம். மணல் வீச்சில் சுத்தம் செய்யப்போய் எழுத்து தேய்ந்த கோயில்களும் தமிழ்நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் மிஞ்சுவது யாரோ முன்பு எடுத்த படம்தான்.

டிரைப்பின் கதை நன்றாக முடியவில்லை. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதை சொகுசுச் செலவு என்று நினைத்தார், வேலை நிறுத்தப்பட்டது. (வரவு செலவு பார்க்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான், நாளைக்கு நானும் அப்படித்தானோ என்னவோ!)

நம்மிடம் இப்போது அந்தச் செலவு இல்லை. எங்கள் கடையம் வில்வவனநாதர் கோயில் மாதிரி ஊருக்கு ஊர் பழைய கோயில் இருக்கிறது. அனுமதி கேட்டு, சுவரோடு ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒரே தூரத்தில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சாதா லென்சில் எடுங்கள். ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்காவது சேர வேண்டும். ஒட்டுவதற்கு ஹ்யூகின் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோபுரம், மண்டபக் கூரை இவற்றுக்கு மீன்கண் லென்சைத் தாராளமாக மாட்டுங்கள், இடம் மொத்தமும் எப்படி இருந்தது என்று அதுதான் காட்டும். மூலக் கோப்புகளை மட்டும் தேதி போட்டு, கை வைக்காமல், தனி வட்டில் வையுங்கள்.