வானிலிருந்து இறங்கிய விளையாட்டு

வீடியோ கேம்களின் வரலாறு: அத்தியாயம் 14

கதை இதுவரை: 1991 ஜூன். சிகாகோ மின்னணுக் கண்காட்சியில், நின்டெண்டோவோடு சேர்ந்து சிடியில் ஓடும் கேம் இயந்திரம் செய்யப்போவதாக சோனி அறிவித்தது. மறுநாளே, தன் கூட்டாளி பிலிப்ஸ்தான் என்று நின்டெண்டோ சொல்லிவிட்டது. அவமானப்பட்ட சோனி தனியாகக் களம் இறங்கத் தயாரானது.

1994 டிசம்பர் 3. சோனியின் பிளேஸ்டேஷன் ஜப்பானியக் கடைகளுக்கு வந்தது. செகாவின் சாட்டர்ன் அதற்குப் பதினொரு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. இரண்டும் சிடியில் ஓடுபவை. சிடி அச்சடிக்க மலிவு, கொள்ளளவோ மிகப் பெரிது.

நின்டெண்டோவிடம் இருந்தது 1990இல் வெளியான சூப்பர் ஃபாமிகாம். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ், அதற்குள் விலை உயர்ந்த சிப்புகள். புதிய விளையாட்டுகள் பல 10,000 யென்னைத் தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்த தலைமுறை இயந்திரமான நின்டெண்டோ 64 கடைக்கு வந்ததோ 1996 ஜூனில்தான். அதுவரை பழைய குதிரையை வைத்தே பந்தயத்தில் நிற்க வேண்டும்.

எப்படி?

பதில், அந்த இயந்திரத்தின் அடிவயிற்றில் இருந்தது. சூப்பர் ஃபாமிகாமைத் தலைகீழாகத் திருப்பினால் கீழே ஒரு சிறிய மூடி தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு செருகுவாய். பின்னாளில் வரப்போகும் துணைக்கருவிகளுக்காக ஒதுக்கிய வாசல் அது. நான்கு வருடங்களுக்கு மேலாக அதை நாடி எந்தக் கருவியும் வரவில்லை.

அந்த இயந்திரத்தை வடிவமைத்த பொறியாளர் மசாயுகி உவெமுராவின் குழுதான் அந்த வாசலுக்கு ஒரு விருந்தாளியைத் தயார் செய்தது.

கடைக்குப் போகாமல், கார்ட்ரிட்ஜ் வாங்காமல் விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை நின்டெண்டோவுக்குப் புதிதல்ல. 1986இல் கடைகளில் ஒரு பெட்டி வைத்தார்கள். 500 யென் கொடுத்தால் பழைய டிஸ்க்கில் புது விளையாட்டை எழுதிக் கொடுக்கும். 1988இல், சூப்பர் ஃபாமிகாமுக்கு முந்தைய இயந்திரமான ஃபாமிகாமுக்கு ஒரு மோடம் வந்தது. நொமுரா செக்யூரிட்டீஸோடு கைகோத்து, வீட்டிலிருந்தே பங்கு வாங்கவும் விற்கவும் வழி செய்தார்கள். ஆனால் தொலைபேசிக் கம்பி மெதுவானது, பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம். அதன் வழியே ஒரு முழு விளையாட்டை அனுப்புவது நடக்கிற காரியமாக இல்லை.

வானத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் ஒருமுறை பேசினால், ஹொக்கைடோ முதல் ஒகினாவா வரை எல்லா மொட்டைமாடியும் ஒரே நேரத்தில் கேட்கும். கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்து லட்சம் பேரானாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான்.

ஆனால் நின்டெண்டோவிடம் ஒலிபரப்பு நிலையம் இல்லை. யாரிடம் போவது?

*

கடலின் ஏற்றவற்றத்தை வைத்து நிகழ்ச்சி நடத்திய ஒரு வானொலி ஜப்பானில் இருந்தது. பெயர் செயின்ட் கீகா. 1990இல் தொடங்கிய செயற்கைக்கோள் வானொலி. அதன் ஆன்மா ஹிரோஷி யோகோய் என்ற நிகழ்ச்சி இயக்குநர்.

யோகோயின் வானொலியில் விளம்பரம் இல்லை. மணிக்கொரு செய்தி இல்லை. உலகின் பல மூலைகளில் பதிவு செய்த அலையோசை, பறவைக் குரல், அவற்றோடு கலந்து நீளும் இசை. எது எப்போது ஒலிக்கும் என்பதைக் கடிகாரம் தீர்மானிக்கவில்லை, நிலவும் ஓதமும் தீர்மானித்தன. டோக்கியோ அடுக்குமாடிகளில் வாழ்ந்த ஒரு சிறு கூட்டம் அந்த வானொலியை உயிராக நேசித்தது.

நேசித்தார்கள். ஆனால் எண்ணிக்கை போதவில்லை. சந்தாவை மட்டும் நம்பியிருந்த நிலையம் அது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்த அந்த ஆண்டுகளில், டிஷ் வாங்கி மாதாமாதம் பணமும் கட்டி அலையோசை கேட்க எத்தனை பேர் முன்வருவார்கள்? கடன் கழுத்தை நெரித்தது.

அந்த நேரத்தில்தான் நின்டெண்டோ கதவைத் தட்டியது. பணம் தருகிறோம், பங்கு கொடுங்கள், ஒலிபரப்பில் எங்களுக்கு நேரமும் கொடுங்கள்.

செயின்ட் கீகாவுக்கு வேறு வழி இல்லை. கடிகாரத்தை வேண்டாமென்று ஒதுக்கிய வானொலி, நிமிடம் பிசகாத கடிகாரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தது. அதன் பழைய நேயர்கள் கொதித்தார்கள். அலையோசையின் நேரத்தை வெட்டி விளையாட்டுக்குக் கொடுத்ததை அவர்களால் ஏற்க முடியவில்லை. நிலையத்துக்குள்ளேயே விழுந்த இந்த விரிசல் பின்னால் என்ன செய்யப்போகிறது என்பதை அப்போது யாரும் கணிக்கவில்லை.

*

1995 ஏப்ரல் 23. சாட்டெல்லாவியூ வெளியானது.

சூப்பர் ஃபாமிகாமை அதன் மேல் உட்கார வைத்தால், அடிவயிற்று வாசல் 'டக்'கென்று பொருந்திக்கொள்ளும். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து ட்யூனருக்கு, ட்யூனரிலிருந்து சாட்டெல்லாவியூவுக்கு, அங்கிருந்து விளையாட்டு இயந்திரத்துக்கு என்று சமிக்ஞை ஏறும். மேலே வழக்கமான கார்ட்ரிட்ஜ் இடத்தில், கூடவே வந்த சிறப்புக் கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும். அதன் தலையில் இன்னொரு குழி. உள்ளங்கையில் அடங்கும் மெமரி பேக் ஒன்று அதில் உட்காரும். கொள்ளளவு 8 மெகாபிட், அதாவது ஒரே ஒரு மெகாபைட்.

சுவிட்சைப் போட்டால் மெனு வராது. ஒரு ஊர் வரும். அதற்கென்று பெயர் இல்லை, யாரோ பெயரைத் திருடிவிட்டார்கள் என்பது கதை. ஆணா பெண்ணா என்று தேர்ந்து, பெயர் கொடுத்து, அந்தத் தெருக்களில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டடமும் ஒரு நிகழ்ச்சி. கதவைத் திறந்து உள்ளே போனால் அன்றைய ஒலிபரப்பில் உள்ள விளையாட்டையோ இதழையோ பேக்கில் இறக்கிக்கொள்ளலாம். பெறத்தான் முடியும், திருப்பி ஒரு வார்த்தை அனுப்ப முடியாது. சில விளையாட்டுகளைக் குறிப்பிட்ட சில முறைதான் திறக்கலாம், பிறகு பூட்டிக்கொள்ளும்.

இதுவரை சொன்னது கருவி. அதன் உண்மையான வீரியம் தெரிந்தது 1995 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்று ஒலிபரப்பானது 'பிஎஸ் செல்டா'. 1986இன் புகழ்பெற்ற செல்டா விளையாட்டைப் புதிய ஓவியங்களோடு, புதிய நிலவறைகளோடு திரும்பக் கட்டியிருந்தார்கள். நாயகன் லிங்க் இதில் இல்லை. பெயரில்லாத ஊரில் நடந்த அந்தப் பையனோ பெண்ணோதான் வாள் ஏந்தினார்கள். நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு பகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு நிலவறைகள்.

திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடியது. விளையாடக் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதியவர் ஒருவரின் குரல் கதை சொல்லியது, பின்னால் வாத்தியக் குழுவின் இசை. அந்தக் குரலும் இசையும் பேக்கில் இல்லை. அதே நொடியில் செயற்கைக்கோளிலிருந்து வந்துகொண்டிருந்தன. குறித்த நிமிடத்தில் குரல் ஒரு செய்தி சொல்லும். உடனே விளையாட்டுக்குள் பகைவர்கள் உறைந்து நிற்பார்கள், அல்லது வெடிகுண்டுகள் தீராமல் கிடைக்கும். அந்த நிமிடம் போனால் வாய்ப்பும் போனது. நாடு முழுக்க விளையாடிய எல்லோருக்கும் அது ஒரே நொடியில் நடந்தது.

ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே குரலைக் கேட்டு, ஒரே கணத்தில் வாளை ஓங்கிய கூட்டம். இணையம் வீடுகளுக்குள் சரியாக நுழையாத 1995இல் இதைச் சாதித்தார்கள். வீடியோ கேம் வரலாற்றில் இதற்குரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

*

அடுத்த இரண்டு ஆண்டுகள் வளமானவை. 1996இல் ஸ்கொயர் நிறுவனத்தின் 'ராடிக்கல் ட்ரீமர்ஸ்' என்ற கதை விளையாட்டு ஒலிபரப்பானது. 1997இல் 'ஃபயர் எம்ப்ளம்' தொடரின் போர்க்கதை நான்கு பகுதிகளாக வந்தது. சந்தாதாரர்கள் 1 லட்சத்தைத் தாண்டினார்கள்.

தாண்டியது அவ்வளவுதான். ஜப்பானில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விற்ற இயந்திரம் சூப்பர் ஃபாமிகாம். டிஷ், ட்யூனர், கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு வைத்தால் நடுத்தரக் குடும்பம் எப்படி வாங்கும்? பிள்ளைகளின் கண்ணும் பிளேஸ்டேஷன் பக்கம் போய்விட்டது.

விரிசல் வாய் பிளந்தது. நின்டெண்டோவும் செயின்ட் கீகாவும் முரண்பட்டன. 1999இல் நின்டெண்டோ விலகியது. நிலையம் பழைய விளையாட்டுகளையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பிச் சமாளித்தது. 2000 ஜூன் 30 அன்று சமிக்ஞை நின்றது.

கடையில் விற்ற விளையாட்டு எங்காவது ஒரு அலமாரியில் கிடைக்கும். இவை கடைக்கே வராதவை. எஞ்சியது, வீடுகளில் இருந்த ஒரு மெகாபைட் பேக்குகள் மட்டும். அவற்றிலும் இடம் போதாதபோது, புதியதை இறக்கப் பழையதை அழிக்க வேண்டும். ஒருவர் கடைசியாக எவற்றை இறக்கினாரோ அவைதான் பெரும்பாலும் அவர் பேக்கில் உயிரோடு இருந்தன. அந்தப் பேக்குகளோ பழைய பொருள் கடைகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே சில்லறை விலைக்குக் கைமாறத் தொடங்கின.

விளையாட்டைப் பேக்கிலிருந்து மீட்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த முதியவரின் குரலை எங்கே தேடுவது? அது எந்தப் பேக்கிலும் ஏறவே இல்லையே!

ஒரு வழி இருந்தது. அந்த ஆகஸ்ட் மாலைகளில், விளையாடிக்கொண்டே டிவியோடு இணைந்த வீடியோ ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானையும் அழுத்தி வைத்த சிலர் ஜப்பானில் இருந்தார்கள்.

அடுத்த வாரம்: நாடாவில் கிடைத்த குரல், பேக்கில் கிடைத்த விளையாட்டு. இரண்டையும் இணைக்கக் கிளம்பிய ரசிகர்கள் யார்? 26 ஆண்டுகள் கழித்து 'ராடிக்கல் ட்ரீமர்ஸ்' அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது எப்படி?

(தொடரும்)