இந்தியாவில் எரிபொருள் விலை உயர்வும் அரசியல் எதிர்வினைகளும்

இந்தியாவில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவளி ஆகியவற்றின் விலை உயர்வு, 1973 முதல் தேர்தல்களிலும் கூட்டணிகளிலும் வரிக்கொள்கையிலும் தாக்கம் ஏற்படுத்திவரும் அரசியல் சிக்கல் ஆகும். இந்தியா தனக்குத் தேவையான பாறை எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேலாக இறக்குமதி செய்கிறது. பாறை எண்ணெயின் விலை உலகச் சந்தையில் அமைகிறது. ஆயினும் நுகர்வோர் ஒரு லிட்டருக்குக் கொடுக்கும் தொகையில் கணிசமான பங்கு நடுவண், மாநில அரசுகளின் வரியாகும். இதனால் விலை உயர்வுக்குப் பொறுப்பு எண்ணெய் நாடுகளா, நடுவண் அரசா, மாநில அரசா என்பது தொடர்ந்து விவாதிக்கப்படுகிறது.

பின்னணி

ஈரான், ஈராக், குவைத், சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய ஐந்து நாடுகள் 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் கூடிப் பெட்ரோலிய ஏற்றுமதி நாடுகள் அமைப்பை (ஒபெக்) உருவாக்கின. 1973 அக்டோபரில் அரபு-இசுரேல் போரின்போது அரபு நாடுகள் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, 1974 தொடக்கத்தில் ஏறத்தாழ 12 டாலரானது.

இந்திய அரசு பெட்ரோல், மண்ணெண்ணெய் விலைகளை உயர்த்தியது. இதைக் கண்டித்து 1973 நவம்பரில் அன்றைய ஜனசங்கத் தலைவர்களுள் ஒருவரான அடல் பிகாரி வாச்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். அந்நாட்களில் பிரதமர் இந்திரா காந்தி எரிபொருள் சிக்கனத்தை வலியுறுத்தக் குதிரை வண்டியில் பயணம் செய்தார்.

அரசுக் கட்டுப்பாட்டுக் காலம்

1974 முதல் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் இந்திய வணிகம் அரசுடைமை ஆக்கப்பட்டது. இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகியவை இவ்வாறு தோன்றியவை. விற்பனை விலையை அரசே அறிவிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. 1990இல் வளைகுடா நெருக்கடியால் எண்ணெய் இறக்குமதிச் செலவு உயர்ந்தது, 1991ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு ஒரு காரணமாயிற்று.

வாச்பாய் பிரதமராக இருந்தபோது, 2002 ஏப்ரல் 1 அன்று இம்முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. எனினும் அடுத்து வந்த மன்மோகன் சிங் அரசு விலை உயர்வைக் கட்டுப்படுத்தியே வந்தது. அதனால் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஏற்பட்ட இழப்பின் ஒரு பகுதிக்குப் பணத்துக்குப் பதிலாக அரசு கடன்பத்திரங்களை வழங்கியது. அப்போதைய நுகர்வோருக்குக் கிடைத்த சலுகையின் செலவு இவ்வாறு பின்வந்த வரவு செலவுத் திட்டங்களுக்குத் தள்ளப்பட்டது. 2008 ஜூலையில் பாறை எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அதற்கு முந்தைய மாதம் பெட்ரோல் 5 ரூபாயும் டீசல் 3 ரூபாயும் உயர்த்தப்பட்டபோது, அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்துவந்த இடதுசாரிக் கட்சிகள் போராட்டம் நடத்தின.

கட்டுப்பாடு நீக்கம்

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும் டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. 2014க்குப் பின் உலகச் சந்தையில் விலை பெரிதும் சரிந்தது. அப்போது நடுவண் அரசு 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை ஒன்பது முறை கலால் தீர்வையை உயர்த்தியது. பெட்ரோல் மீதான தீர்வை லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ரூபாயாகவும், டீசல் மீதான தீர்வை 3.56 ரூபாயிலிருந்து 17.33 ரூபாயாகவும் உயர்ந்தன. ஆகவே உலக விலைச் சரிவின் பயன் முழுமையாக நுகர்வோரைச் சென்றடையவில்லை.

2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை நாடு முழுதும் வந்தது. ஆனால் 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை, உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்த காலத்தில், நான்கு மாதங்களுக்கும் மேலாக விலை மாறாமல் இருந்தது. தேர்தல் முடிந்தபின் மீண்டும் உயர்ந்தது.

தமிழ்நாட்டில்

2012 மே மாதத்தில் பெட்ரோல் விலை லிட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல் உயர்ந்தபோது, நடுவண் அரசில் பங்கு வகித்த திராவிட முன்னேற்றக் கழகமே அதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடத்தியது. மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க.வும் விலை உயர்வைக் கண்டித்தது. 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குவோருக்குச் சந்தை விலை விதிக்கப்பட்டது. இதனால் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சில்லறை விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. மாநில அரசு தன் பேருந்துகளுக்குச் சில்லறை விற்பனை நிலையங்களில் டீசல் நிரப்ப ஏற்பாடு செய்தது.

2017 மார்ச்சில் அ.தி.மு.க. அரசு மதிப்புக்கூட்டு வரியைப் பெட்ரோலுக்கு 27இலிருந்து 34 விழுக்காடாக உயர்த்தியது. 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததற்கு டீசல் விலையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மாணவர்களும் எதிர்க்கட்சிகளும் போராடியதை அடுத்துக் கட்டணம் சிறிதளவு குறைக்கப்பட்டது. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாக வாக்குறுதி அளித்த தி.மு.க., அவ்வாண்டு ஆகஸ்டில் பெட்ரோல் வரியை 3 ரூபாய் குறைத்தது.

செஞ்சிப் பகுதி

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற ஊர்களில் இம்மாற்றங்கள் நேரடியாக உணரப்படுகின்றன. திண்டிவனம்-திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் உள்ள செஞ்சிக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. கோட்டையைக் காண வருவோரும், கல்லூரிக்குச் செல்லும் மாணவரும், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுவரும் உழவரும் சாலைப் போக்குவரத்தையே நம்பியுள்ளனர். ஆகவே டீசல் விலை உயர்வு, பேருந்துக் கட்டணமாகவும் உழுவை வாடகையாகவும் சுமைவண்டிக் கூலியாகவும் அவர்களை அடைகிறது. மாவட்டத்தை ஒட்டியுள்ள புதுச்சேரியில் எரிபொருள் வரி நெடுங்காலமாகக் குறைவு என்பதால், எல்லையோர மக்கள் அங்குச் சென்று எரிபொருள் நிரப்புவது வழக்கம். ஒரே எண்ணெய் சில கிலோமீட்டர் தொலைவில் இரு விலைகளில் விற்பது, விலையில் வரியின் பங்கைக் காட்டும் எடுத்துக்காட்டாகும்.

வரிப் பங்கீட்டுச் சிக்கல்

2021இல் பெட்ரோல் மீதான நடுவண் தீர்வை லிட்டருக்கு 32.90 ரூபாய். அதில் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளப்படும் அடிப்படைக் கலால் தீர்வை 1.40 ரூபாய் மட்டுமே. எஞ்சியவை பங்கீட்டுக்கு உட்படாத மேல்வரிகள். இதைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் நடுவண் அரசே முதலில் வரியைக் குறைக்கவேண்டும் என்றன. நடுவண் அரசு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் தீர்வையைக் குறைத்து, மாநிலங்களும் குறைக்குமாறு கோரியது. பெட்ரோலும் டீசலும் 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் சேர்க்கப்படவில்லை. 2021 செப்டம்பரில் கூடிய அவ்வரி மன்றமும் அதற்கு இசையவில்லை.

எண்ணெய் நாடுகளுடனான உறவு

2016இல் உருசியா உள்ளிட்ட நாடுகளும் ஒபெக்குடன் இணைந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. 2021 மார்ச்சில் கட்டுப்பாட்டைத் தளர்த்துமாறு இந்தியா கேட்டபோது, 2020இல் மலிவாக வாங்கிச் சேமித்த எண்ணெயைப் பயன்படுத்துமாறு சவூதி அரேபியா பதிலளித்தது. அவ்வாண்டு நவம்பரில், அமெரிக்கா முதலிய நாடுகளுடன் சேர்ந்து தன் சேமிப்பிலிருந்து 50 இலட்சம் பீப்பாய்களை விடுவிப்பதாக இந்தியா அறிவித்தது. விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் ஆகிய இடங்களில் நிலத்தடிச் சேமிப்புக் கிடங்குகள் உள்ளன. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் உருசியா தள்ளுபடியில் விற்ற எண்ணெயை இந்தியா பெருமளவில் வாங்கியது.

இவற்றையும் பார்க்க

பெட்ரோலிய ஏற்றுமதி நாடுகள் அமைப்பு
1973 எண்ணெய் நெருக்கடி
சரக்கு மற்றும் சேவை வரி (இந்தியா)
செஞ்சி