பொன்னும் புற்றுநோயும்

காரைக்காலில் பொன்னுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு பெரும்பாலும் அடகுக் கடையிலேயே தொடங்குகிறது. நோய் இன்னதென்று தெரிந்ததும் இல்லத்தரசியின் வளையல் கழல்கிறது. புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாற்றுக்கோ சென்று தங்கும் செலவுக்கு அதுவே கைகொடுக்கிறது. அண்மைக் காலமாக, ‘சாமி, தங்கமே இந்நோய்க்கு மருந்தாமே, தங்க பற்பம் கொடுத்துப் பார்க்கலாமா?’ என்றும் நம்மிடம் கேட்கின்றனர். விடை காணப் பொன்மருந்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

நம் சித்த மருத்துவர்கள் பொன்னைப் புடமிட்டு உடல் தேற்றும் மருந்தாக நெடுங்காலம் வழங்கி வந்தனர். மேலை நாட்டிலோ, பொன் சயனைடு சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமியைத் தடுக்கிறது என்று 1890-இல் பெர்லினில் இராபர்ட் கோக் அறிவித்தார். குழாயில் வென்றது விலங்கின் உடலில் தோற்றது. எனினும் நம்பிக்கை சாகவில்லை. 1924-இல் டென்மார்க்கில் சானோகிரைசின் என்னும் பொன்னுப்பு காசநோய் மருந்தாக வெளிவந்தது. பலரும் அதனைப் போற்றினர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில மருத்துவர் சிலர் மட்டும் ஐயுற்றனர். 24 நோயாளிகளைப் பன்னிருவராக இரு குழுக்களாக்கி, எக்குழுவுக்குப் பொன் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். மற்றக் குழுவுக்கு வடித்த நீரே ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. எவருக்கு எது என்பதை நோயாளிகள் அறியார். 1931-இல் முடிவு வெளியாயிற்று: பொன்னால் பயனில்லை, பொன் பெற்றோருக்கு நஞ்சின் துன்பமே மிஞ்சியது. பொன்மருந்தின் வரலாற்றில் நாம் மிகவும் மதிப்பது இந்த நாணயத்தையே. பொன் என்றதும் மயங்கும் மனத்தை அச்செப்புக்காசு தெளிவித்தது எனலாம். (செப்போ வெள்ளியோ, நாம் அறியோம்!)

இதற்கிடையே 1929-இல், காரைக்கால் இன்னும் பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த நாளில், பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் ஃபொரெஸ்தியே முடக்குவாதத்துக்குப் பொன்னுப்பைக் கொடுத்துப் பயன் கண்டார். முடக்குவாதமும் காசநோயைப் போன்றதே என்ற தவறான கருத்து அவரை அவ்வழியில் செலுத்தியது. ஆனால் பயன் மெய்யாகவே இருந்தது. அவ்வழியில் வந்த ஆரனோஃபின் என்னும் மாத்திரைக்கு 1985-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

புற்றுநோயின் பக்கம் பொன்னைத் திருப்பியது பிளாட்டினமே. 1965-இல் பார்னெட் ரோசன்பர்க் தற்செயலாகக் கண்ட வழியில் பிறந்த சிஸ்பிளாட்டின் 1978-இல் மருந்தாயிற்று. ஓர் உலோகம் புற்றைத் தடுக்குமாயின் பொன்னும் தடுக்காதோ என்று அறிஞர் வினவினர். சிஸ்பிளாட்டின் உயிரணுவின் மரபுப் பொருளைப் பற்றுகிறது. பொன்னோ கந்தகத்தையும் செலினியத்தையும் நாடும் இயல்பினது. ஆகவே செலினியம் கொண்ட தயோரெடாக்சின் ரிடக்டேஸ் என்னும் நொதியை முடக்குகிறது. புற்றணுக்கள் தம்மைக் காத்துக்கொள்ளப் பெரிதும் சார்ந்திருக்கும் நொதி அது. ஆய்வுக்கூடத்துப் பொன் பற்பமன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: அளந்து கோத்த சேர்மத்தில் ஒரு பொன்னணு. இதனைக் காட்டி அதனை விற்போரை நம்பிச் சிகிச்சையை நிறுத்துதல் உயிருக்கே கேடு.

2025-இல் ஐதராபாத்தின் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகமும் மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு பொன்சேர்மத்தை அறிவித்தன. கருப்பை வாய்ப் புற்றணுக்கள்மீது சோதனைக்கூடத்தில் அது சிஸ்பிளாட்டினைவிட 27 மடங்கு வலியது. எலிகளில் கட்டியின் வளர்ச்சியை 82 விழுக்காடு குறைத்தது, சிஸ்பிளாட்டினோ 29 விழுக்காடே. நம் நாட்டுப் பெண்களை மிகுதியாக வாட்டும் நோய்களுள் ஒன்று இது என்பதால் செய்தி இனிக்கவே செய்கிறது. எனினும் கோக்கின் குழாயும் மிச்சிகனின் நாணயமும் நினைவுக்கு வருகின்றன. புற்றுநோய்க்கென ஒப்புதல் பெற்ற பொன்மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை. கதிர்ச் சிகிச்சையோடு நம் சகோதரிகள் பெறுவது இன்றும் சிஸ்பிளாட்டினே; அது சிறுநீரகத்தைக் கெடுக்காதிருக்க, முன்னும் பின்னும் உப்புநீரை மணிக்கணக்கில் நரம்பு வழியே ஏற்றுகின்றனர்.